ரிவர்ப்–டிஸ்டார்ஷன் பெடல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரிவர்பும் டிஸ்டார்ஷனும் ஒரே பெட்டியில் இருக்கும், காலால் மிதித்து இயக்கும் பெடலைப் பற்றி, புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் எடுத்தவர்களும் சர்ச் பேண்டில் வாசிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். அவசரக்காரர்கள் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். பாதிச் சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும்.

ரிவர்ப்னா என்ன, டிஸ்டார்ஷன்னா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க.

பெரிய கூடத்தில் கைதட்டினால் சத்தம் உடனே அடங்காமல் கொஞ்ச நேரம் நீளும். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து வால் போல இழுபடுகின்றன. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பப் பத்தில் ஒரு வினாடி ஆகும். இந்தக் கணக்கைச் சின்னப் பெட்டிக்குள் போலியாகச் செய்து தருவதுதான் ரிவர்ப்.

டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுவது. கிட்டாரிலிருந்து வரும் மின் சிக்னலை நூறு மடங்கு பெருக்கி டையோடு என்ற சின்ன மின் பாகங்களில் விடுவார்கள். சிலிக்கான் டையோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டுக்கு மேல் விடாது. மேலே போன அலை தட்டையாகிவிடும். தட்டையான அலையில் புதிய மேல்சுருதிகள் பிறக்கும். அந்தக் கரகரப்பு அதுதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு பாட்டுப் பதிவின்போது மிக்ஸரின் ஒரு சேனல் பழுதாகி, பேஸ் கிட்டார் கரகரவென்று கேட்டது. அதை அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் அந்தப் பழுதைக் காலால் மிதிக்கும் பெட்டியாக்கி விற்க ஆரம்பித்தார்கள்.

ஆம்ப்லயே கெய்ன் நாப் இருக்கு, ரிவர்ப் நாப்பும் இருக்கு. அப்புறம் இது எதுக்கு?

நல்ல கேள்வி. பலருக்கு இது தேவையே இல்லை. ஆம்பில் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கெய்ன், அதாவது பெருக்கம், முன்னால், ரிவர்ப் அதற்குப் பின்னால் என்று வரிசை கட்டியே விட்டிருப்பார்கள். அந்தச் சத்தம் உங்களுக்குப் போதும் என்றால் பணத்தை நல்ல கேபிளுக்குச் செலவழியுங்கள்.

ஆனால் ஃபெண்டர் நிறுவனம் 1961இல், ஸ்பிரிங்கை அதிரவைத்து எதிரொலி உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவர்பைத் தனிப்பெட்டியாகத்தான் விற்றது. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டுவது அது. அதாவது ரிவர்ப் முன்னால், ஆம்ப் பின்னால். ஆம்பை உடைய விட்டால், அதாவது கரகரக்கும் அளவுக்கு ஏற்றினால், ஸ்பிரிங்கின் வாலும் சேர்ந்து உடையும். 1963இல் வைப்ரோவெர்ப் என்ற ஆம்ப் வந்ததும் அதே நிறுவனம் ரிவர்பை ஆம்புக்குள் கொண்டுபோய்விட்டது. பழைய வரிசையின் சத்தம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த மாதிரிப் பெடல்கள் பெரிதும் உதவுகின்றன.

எது முதல்ல போகணும்? டிஸ்டார்ஷனா, ரிவர்பா?

வறுத்து அரைப்பதும் அரைத்து வறுப்பதும் ஒன்றா? அதே இரண்டு வேலை, வேறு ருசி. டிஸ்டார்ஷன் முதலில் போனால், கரகரப்பான கிட்டாரை ஒரு நல்ல கூடத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். நோட் முன்னால் நிற்கும், வால் பின்னால் மெல்லத் தேயும். பெரும்பாலான ராக், மெட்டல் பதிவுகளில் கேட்பது இதுதான்.

ரிவர்ப் முதலில் போனால் கதை மாறிவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிட்டாரிலிருந்து 0.2 வோல்ட் வருகிறது, நூறு மடங்கு பெருக்கம், வெட்டு 0.6 வோல்ட்டில். ரிவர்பின் வால் நோட்டில் முப்பதில் ஒரு பங்காக, அதாவது 0.0067 வோல்ட்டாகத் தேய்ந்த பிறகும், நூறால் பெருக்கினால் 0.67 வோல்ட். அதுவும் வெட்டுப்படும்! முழு நோட்டும் 0.6, தேய்ந்த வாலும் 0.6. இரண்டு வினாடி ரிவர்ப் என்றால் வால் அந்த அளவுக்குத் தேயவே ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியும் அது நோட்டுக்குச் சமமான சத்தத்தில் நிற்கும். அறை பின்னால் இருப்பதாகத் தோன்றாது, அறையே கத்துவது போல இருக்கும்.

எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி. ஆனால் எது உங்கள் பெடலில் இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் பிரச்சினை.

ரிவர்ப் முன்னாடி வச்சா கார்டு வாசிக்கும்போது ஒரே சகதியா குழம்புதே, பெடல் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. கார்டு என்றால் பல நோட்டுகளை ஒன்றாக அடிப்பது. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுருதிகள் ஒன்றாகப் போனால், அவற்றின், அவற்றின் மடங்குகளின் கூட்டலும் கழித்தலுமான புதுச் சுருதிகள் பிறக்கும். 200 ஹெர்ட்ஸும் 300 ஹெர்ட்ஸும் போனால் 100, 400, 500 எல்லாம் கிளம்பும். எல்லாம் நூறின் மடங்குகள், அதனால் ஒட்டிப்போகும். ஸா–பா ஜோடியான பவர் கார்டு எவ்வளவு டிஸ்டார்ஷன் போட்டாலும் கம்பீரமாக நிற்பதற்கு இதுதான் காரணம். இதுவே 200உம் அதற்கு அரைச்சுரம் மேலே இருக்கும் 212உம் சேர்ந்து போனால் 12, 188, 224 என்று நெருக்கமாகக் கிளம்பி ஒன்றையொன்று உரசும்.

ரிவர்ப் முன்னால் இருந்தால், நீங்கள் ஒரே ஒரு நோட் வாசித்தாலும் அதற்கு முந்தைய நோட்டின் வால் கூடவே டிஸ்டார்ஷனுக்குள் போகிறது. ஸ்கேல் ஒன்றை வேகமாக ஏறினாலே பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் மோதிக்கொள்ளும். கார்டு மாற்றினால் கேட்கவே வேண்டாம். மருந்து மூன்று: ரிவர்ப் நேரத்தைக் குறையுங்கள், கார்டில் நோட்டுகளைக் குறையுங்கள், மாற்றங்களை மெதுவாக்குங்கள். மூன்றாவது நோட்டை விட்டுவிட்டு ஸாவும் பாவும் மட்டும் வாசித்துப் பாருங்கள், சகதி பெருமளவு தெளியும்.

இப்படிக் குழப்பி வாசிச்சு யாராவது பேர் வாங்கியிருக்காங்களா?

வாங்கியிருக்கிறார்கள். ஷூகேஸ் என்ற ஒரு பாணியே இதில் வளர்ந்தது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் பிரிட்டன், அயர்லாந்துப் பக்கத்து இசைக்குழுக்கள் வாசித்தது. அதில் தலையாய குழு மை பிளடி வேலன்டைன். அதன் கெவின் ஷீல்ட்ஸ் கிட்டாரின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியைக் கையில் பிடித்தபடியே கார்டு அடிப்பார், சுருதி அலைந்துகொண்டே இருக்கும். கூடவே யமஹா எஸ்பிஎக்ஸ்90, அலீசிஸ் மிடிவெர்ப் 2 ஆகிய ஸ்டூடியோக் கருவிகளின் ரிவர்ஸ் ரிவர்ப். அதில் வால் தேய்ந்து போகாமல் ஊதிப் பெருகி வரும்.

ஒரு சுவையான தொடர்பு. அலீசிஸை நிறுவியவர் கீத் பார். அதற்கு முன்னால் 1970களில் எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரும் அவரே. டிஸ்டார்ஷன் பிளஸ் என்ற மஞ்சள் பெடல் அங்கிருந்துதான் வந்தது. பிற்காலத்தில் ஸ்பின் என்ற நிறுவனத்தின் பெயரில் எஃப்வி-1 என்ற ரிவர்ப் சிப்பைச் செய்தார். இன்று சின்னச் சின்னப் பெடல் கம்பெனிகள் பல இந்தச் சிப்பை வைத்துத்தான் ரிவர்ப் செய்கின்றன. நம் தலைப்பின் இரண்டு பாதிகளிலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது. அவரைப் பற்றிக் கிட்டார்காரர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஒரே பெட்டியா வாங்கட்டா, ரெண்டு தனித்தனி பெடலா வாங்கட்டா?

முதல் பெடல் வாங்குபவர் என்றால் இரண்டு தனிப் பெடல்கள். கேபிளைக் கழற்றி இடம் மாற்றினாலே மூன்றாவது கேள்வியின் இரண்டு வரிசைகளையும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று பிடிக்காவிட்டால் அதை மட்டும் விற்கலாம்.

ஒரே பெட்டிக்கு நியாயம் மூன்று இடங்களில் உண்டு. இடமும் பவரும் மிச்சமாக வேண்டும். அல்லது வரிசையை மாற்றும் ஸ்விட்ச் பெட்டியிலேயே இருக்கிறது. அல்லது அந்தக் குறிப்பிட்ட பெடலின் சத்தத்தில் மனம் விழுந்துவிட்டது. அமெரிக்காவின் கீலி நிறுவனத்து லூமர், ஃபஸ்ஸையும் (டிஸ்டார்ஷனின் முரட்டு வகை) ரிவர்பையும் ஷூகேஸ்காரர்களை நினைத்தே சேர்த்தது. கரோலைன் கம்பெனியின் மெட்யோர், ரிவர்பையே அழுக்காக உடைய விடும் வகை. இந்த மாதிரிப் பெடல்களைப் பொதுப் பயனுக்கு என்று வாங்காதீர்கள், அவற்றுக்குச் சொந்தக் குணம் உண்டு. வாங்கும் முன் விளக்கக் குறிப்பில் சிக்னல் வரிசையைத் தேடிப் படியுங்கள். அது எழுதியிருக்காவிட்டால் கடையில் ஒரு சோதனை: டிஸ்டார்ஷனை முழுக்கத் திறந்து, ஒரே ஒரு நோட் அடித்துச் சட்டென்று கையால் கம்பியை அமுக்குங்கள். வால் மென்மையாகத் தேய்ந்தால் ரிவர்ப் பின்னால். கரகரத்துக்கொண்டே நின்று கடைசியில் தெறித்து அடங்கினால் ரிவர்ப் முன்னால்.

உள்ளே இருக்கிறது அனலாகா டிஜிட்டலா? அனலாக்தான் பெஸ்ட்னு சொல்றாங்களே?

பெரும்பாலும் கலப்படம். டிஸ்டார்ஷன் பகுதி அனலாக், ரிவர்ப் பகுதி டிஜிட்டல். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அனலாக்கில் உண்மையான ரிவர்ப் வேண்டும் என்றால் ஸ்பிரிங் வேண்டும், அல்லது தகடு வேண்டும். 1957இல் வந்த ஜெர்மன் தகடு ரிவர்ப் ஈஎம்டி 140 கால் டன்னுக்கு மேல் எடை. காலடியில் வைக்க முடியாது. சின்னப் பெடலுக்குள் டிஜிட்டல் ரிவர்ப் வந்ததே 1987இல், பாஸ் ஆர்வி-2 மூலம்.

கவனிக்க வேண்டியது வேறு. டிஜிட்டல் சிப்பின் நுழைவாயிலில் அளவுக்கு மீறிச் சத்தம் போனால் அது டையோடு மாதிரி இதமாக உடையாது, வெடுக் வெடுக்கென்று வெட்டும். முன்னால் ஒரு பூஸ்டர் (சிக்னலை ஏற்றிவிடும் பெடல்) வைத்துத் தள்ளும்போது அசிங்கமான சத்தம் வந்தால், உடைவது டிஸ்டார்ஷன் அல்ல, ரிவர்ப் சிப்பின் வாசல். பூஸ்டரைக் குறையுங்கள்.

வீட்ல கீபோர்டு அடாப்டர் சும்மா கிடக்குது, அதையே மாட்டலாமா சார்?

வேண்டவே வேண்டாம். பெடல்களில் பெரும்பான்மை 9 வோல்ட், நடுப்பின் நெகட்டிவ். யமஹா கீபோர்டுகள் பலவற்றோடு வருவது 12 வோல்ட், நடுப்பின் பாசிட்டிவ். பிளக் அளவு ஒத்துப்போய் உள்ளே நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. பெடலின் முதுகில் வோல்ட், பின் திசை, மில்லி ஆம்பியர் மூன்றும் போட்டிருக்கும். முதல் இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும். மூன்றாவது அடாப்டரில் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

9 வோல்ட் பேட்டரி போட்டா ஓடாதா?

டிஸ்டார்ஷன் மட்டும் என்றால் சில மில்லி ஆம்பியர் போதும், பேட்டரி வாரக்கணக்கில் உழைக்கும். டிஜிட்டல் ரிவர்ப் சேர்ந்தால் அறுபது, நூறு என்று இழுக்கும். சாதாரண 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியில் இருப்பது சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு நிகழ்ச்சிக்கே சந்தேகம். அதனால்தான் பல பெடல்களில் பேட்டரிக்கு இடமே வைப்பதில்லை.

வாசிக்காம சும்மா இருந்தாலும் உஸ்ஸ்னு இரையுது. நாய்ஸ் கேட் வாங்கினா சரியாகுமா?

சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனதும் சத்தத்தை அடைத்துவிடுவதுதான் நாய்ஸ் கேட். முதலில் இரைச்சல் எங்கிருந்து என்று பாருங்கள். கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கியதும் அடங்கினால் கிட்டாரும் அறையின் டியூப்லைட்டும்தான் காரணம். அடங்காமல் கீச்சென்று சன்னமாக விசில் கேட்டால், ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்கு வயர் பிரித்திருப்பீர்கள். டிஜிட்டல் பகுதியின் துடிப்பு பவர் வழியாக டிஸ்டார்ஷனுக்குள் ஏறுகிறது. தனித்தனி வெளியீடு உள்ள ஐசொலேட்டட் பவர் சப்ளைதான் தீர்வு, கேட் அல்ல.

இரண்டும் இல்லாமல் வெறும் உஸ் என்றால் அது பெருக்கத்தின் பக்கவிளைவு. மூன்றாம் கேள்வியில் சொன்ன நூறு மடங்கு, இரைச்சலையும் நூறு மடங்காக்கும். கேட்டைப் பெடலுக்குப் பின்னால் வைத்தால் ரிவர்ப் வாலையும் சேர்த்து அறுத்துவிடும். முன்னால் வைத்தால் பெடலின் சொந்த இரைச்சலைத் தடுக்காது. தனிப் பெடல்கள் என்றால் இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். ஒரே பெட்டியில் அந்த நடு இடம் நமக்கு இல்லை. கெய்னைக் கால்வாசி குறைப்பதுதான் எனக்குத் தெரிந்த மலிவான வழி, பெரும்பாலும் அதுவே போதும்.

நாப் எல்லாம் எங்க வைக்கணும்னு ஒரு செட்டிங் சொல்லுங்களேன்.

டிஸ்டார்ஷன் முன்னால் என்றால்: கெய்ன் பாதிக்குக் கீழே, ரிவர்ப் மிக்ஸ் (சத்தத்தில் ரிவர்பின் பங்கு) கால்வாசி, டோனைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். கரகரப்பின் கூர்மை ரிவர்பில் பெருகிச் சீறும், அதை முதலிலேயே அடக்குவது நல்லது.

ரிவர்ப் முன்னால் என்றால்: மிக்ஸை நீங்கள் நினைப்பதில் பாதிக்குக் குறையுங்கள். டிஸ்டார்ஷன் வாலைத் தூக்கி நிறுத்தும் என்பதால் பத்தில் ஒரு பங்கு ரிவர்பே பாதி ரிவர்ப் போல் கேட்கும். இங்கே இன்னொரு நாப் உங்கள் கிட்டாரிலேயே இருக்கிறது. வால்யூமை ஏழுக்குக் குறைத்தால் புது நோட் தெளிவாகும், ஏற்கெனவே போன வால் மட்டும் கரகரத்துக்கொண்டு பின்னால் நிற்கும். மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். இந்தப் பெடலை வாசிப்பது என்பதே பாதி இதுதான்.

வீட்ல பிரமாதமா இருக்கு. பேண்டோட வாசிச்சா காணாமப் போயிடுது, ஏன்?

வீட்டில் உங்கள் கிட்டார் மட்டும்தான் இருக்கிறது. மேடையில் டிரம்ஸின் சிம்பல் மேலே இடத்தை எடுத்துக்கொள்ளும், பேஸ் கீழே. கிட்டாருக்கு மிச்சம் நடுப்பகுதி. ரிவர்ப் அதையும் மெழுகிவிடுகிறது. டோனில் நடுப்பகுதியை ஏற்றுங்கள், ரிவர்பைக் குறையுங்கள். சர்ச்சிலோ கல்யாண மண்டபத்திலோ கட்டடமே ரிவர்ப் போடுகிறது. அதற்கு மேல் நீங்களும் இரண்டு வினாடி சேர்த்தால் முன்வரிசையைத் தாண்டி யாருக்கும் ஒன்றும் புரியாது. சவுண்ட்காரர் குறைக்கச் சொன்னால் சண்டை போடாதீர்கள், அவர் நிற்கும் இடத்தில் கேட்பதுதான் சபைக்கும் கேட்கும்.

ஆம்ப் இல்ல. நேரா மிக்ஸர்ல சொருகினா தேனீ மாதிரி ரீங்காரம் போடுது.

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் விடாது. டிஸ்டார்ஷனின் முள் முள்ளான மேல்பகுதி அங்கேயே வடிகட்டப்படும். மிக்ஸருக்கு அந்த வடிகட்டல் இல்லை. பெடலுக்குப் பின்னால், மிக்ஸருக்கு முன்னால், ஸ்பீக்கரைப் போலச் செய்யும் கேப் சிமுலேட்டர் ஒன்று வேண்டும். கைக்கு எட்டாவிட்டால் மிக்ஸரின் ஹை நாப்பை நன்றாகக் குறையுங்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனால் காது பிழைக்கும்.

ரிவர்பை எஃபெக்ட்ஸ் லூப்ல வைக்கணும்னு சொல்றாங்க. இதை அங்க வைக்கலாமா?

லூப் என்பது ஆம்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் இருக்கும் வாசல். ரிவர்புக்கு அது நல்ல இடம். டிஸ்டார்ஷனுக்கு மோசமான இடம்: அங்கே சிக்னல் ஏற்கெனவே பெரிதாகிவிட்டதால் எதை வாசித்தாலும் வெட்டுப்படும். இரண்டும் சேர்ந்த பெடலை லூப்பில் வைத்தால் டிஸ்டார்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு பகுதிக்கும் தனித்தனி ஜாக் உள்ள பெடல் என்றால் நான்கு கேபிள் போட்டு, டிஸ்டார்ஷனை ஆம்புக்கு முன்னாலும் ரிவர்பை லூப்பிலும் பிரித்து வைக்கலாம்.

பெடலை ஆஃப் பண்ணா ரிவர்ப் சடார்னு அறுந்து போகுது. பழுதா?

இல்லை. அது ட்ரூ பைபாஸ்: மிதித்ததும் சிக்னல் பெடலைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடும், உள்ளே இருக்கும் வால் வெளியே வர வழி இருக்காது. சில பெடல்களில் ட்ரெயில்ஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டால் வால் முடிந்த பிறகே ஓயும். ஆனால் ரிவர்ப் முன்னால் இருக்கும் பெட்டியில் டிஸ்டார்ஷனை மட்டும் அணைத்தால், அதுவரை தூக்கி நிறுத்தப்பட்ட வால் திடீரென்று சன்னமாகிவிடும். அது அந்த வரிசையின் இயல்பு, ஸ்விட்ச் எதுவும் அதைச் சரிசெய்யாது.

அண்ணா, நான் வயலின். கர்னாடக சங்கீதம். இந்தப் பெடல்ல வாசிச்சா கமகம் கேட்குமா?

கேட்கும், வரிசையைப் பொறுத்து. மின் மாண்டலினில் யூ. ஸ்ரீநிவாஸும் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆர். பிரசன்னாவும் காட்டிய பிறகு, மின்கருவியில் கமகம் நிற்குமா என்ற சந்தேகமே யாருக்கும் வரக் கூடாது. டிஸ்டார்ஷன் முன்னால் இருந்தால் கமகத்துக்கு அது உதவிகூடச் செய்யும்: நோட்டின் சத்தம் தேயாமல் நிற்பதால் நீண்ட ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்கிப் போவது) கடைசிவரை ஒரே பலத்தில் கேட்கும்.

ரிவர்ப் முன்னால் என்றால் சிக்கல். கமகத்தில் விரல் கடந்து வந்த ஒவ்வொரு சுருதியும் வாலில் தங்கிவிடும். புதுச் சுருதியோடு சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போய், முன்னே சொன்ன 200–212 மாதிரி மோதும். தோடி ராகத்தின் காந்தார அசைவு வெறும் உறுமலாகிவிடும். ரிவர்ப் நேரத்தை அரை வினாடிக்குள் வைத்தால் தாங்கும். ஆலாபனையில் நீண்ட நேரான ஸாவோ பாவோ பிடித்து நிற்கும் இடங்களுக்கு மட்டும் பெடலை மிதிக்கலாம், அங்கே அது அழகாக விரியும்.

இன்னொரு விஷயம். வயலினில் பாலத்தில் ஒட்டி அதிர்வை மின் சிக்னலாக்கும் பியசோ பிக்கப்பை நேராகப் பெடலில் சொருகினால் கீழ்ச்சுரங்கள் மெலிந்து கீச்சென்று கேட்கும். பியசோவுக்கான சின்ன ப்ரீஆம்ப் ஒன்றை நடுவில் போடுங்கள். சுருதிப் பெட்டியை இதே பெடல் வழியாக விடாதீர்கள். அதற்குத் தனி சேனல் கொடுத்தால்தான் நீங்கள் வாசிக்கும் சுரத்தோடு அது டிஸ்டார்ஷனுக்குள் மோதாமல் இருக்கும்.